ஏட்டைக் காத்தல் நிலத்தைக் காத்தலாகும்

பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, பீச் ஸ்திரீட்டைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலின் கோபுரம் நம்மை வரவேற்கும். அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் விளங்குகின்றது. இவ்விரண்டு வழிபாட்டுத் தலங்களுக்கும் கிழக்கிந்தியக் கும்பினியார் நிலம் வழங்கிய ஆண்டு ஒன்றே. அது 1801ஆம் ஆண்டாகும். கோயில் நிலம் அந்நாளில் தமிழர் தலைவராக விளங்கிய பேட்டி லிங்கம் செட்டியாரிடம் வழங்கப்பெற்றது. அங்கிருந்த சிறிய சன்னிதி 1833ஆம் ஆண்டில் கோயிலாக எழுந்தது. பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் கப்பித்தான் காதர் முகைதீனிடம் வழங்கப்பெற்றது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இச்செய்தியை நாம் எவ்வாறு அறிகின்றோம்? நேரில் கண்டவர் எவரும் இன்றில்லை. அன்று அளந்து கொடுத்த கையும் இல்லை, வாங்கிக்கொண்ட கையும் இல்லை. எழுதி வைக்கப்பட்ட ஏடு மட்டுமே எஞ்சி நின்று சாட்சி சொல்கின்றது. "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் முன்னோர் கேட்டதன் பொருள் இங்கே நன்கு விளங்கும்.

நிலப் பதிவேடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தோட்டத்து அன்பர்களிடமிருந்து ஒரு கேள்வி எழக்கூடும். "நிலம் வைத்திருப்பவர்களுக்கல்லவா அந்தக் கவலை? பால் மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த நமக்கு அதில் என்ன இருக்கின்றது?" என்று அவர்கள் கேட்கலாம். நமக்கு அதில் நிறையவே இருக்கின்றது. நாம் கும்பிடும் கோயில், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, நம் பெரியோர் உறங்கும் இடுகாடு ஆகிய அனைத்தும் ஏதோ ஒரு நிலத்தின் மீதே நிற்கின்றன. அந்நிலம் யார் பெயரில் எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அவற்றின் எதிர்காலம் அமையும். ஆகவே, பழைய நிலப் பதிவேடுகள் எவ்வாறு தோன்றின, அவை எவ்வாறு காக்கப்படுகின்றன, கணினியில் ஏற்றப்படும்போது எதில் கவனம் வேண்டும் என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

காடு வெட்டியவருக்கு நிலம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கும்பினியின் பெயரால் ஏற்றுக்கொண்டார். தீவெங்கும் காடு மண்டிக் கிடந்தது. மக்களை வரவழைத்துக் குடியேற்ற வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. காட்டை அழிக்க ஆட்களுக்கு ஊக்கமூட்டப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டிற்குள் சுடச் செய்தார் என்று ஒரு கதை இன்றளவும் வழங்கி வருகின்றது. கதை எவ்வாறாயினும், காட்டைத் திருத்தியவருக்கே நிலத்தைக் கொடுப்பது என்பது அன்றைய நடைமுறையாயிற்று.

அக்காலத்தில் நிலத்தை அளக்க ஓர்லோங், ஜும்பா என்னும் அளவைகள் வழங்கின. 400 சதுர ஜும்பா கொண்டது ஓர் ஓர்லோங். இன்றைய கணக்கில் அது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகமாகும். எல்லைகளைக் குறிப்பிடும்போது வடக்கே இன்னாருடைய நிலம், கிழக்கே ஆறு, தெற்கே பாதை என்று அண்டை நிலத்தாரின் பெயரையும் இயற்கை அடையாளங்களையும் எழுதுவது வழக்கம். இதனால் பழைய ஏடுகளுக்குத் தனிச் சிறப்பு உண்டாகின்றது. தமக்கென ஏட்டை விட்டுச் செல்லாத ஒருவரின் பெயர்கூட, அண்டை வீட்டாரின் ஏட்டில் எல்லையாக நிற்கக் காணலாம்.

1807ஆம் ஆண்டு அரச சாசனத்தின் வழியாகப் பினாங்கில் நீதிமன்றம் நிறுவப்பெற்றது. ஆங்கிலச் சட்டமும் உடன் வேரூன்றியது. நிலம் கைமாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பத்திரம் எழுதப்பெற்றது. இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. நிலத்தை விற்பவர் உண்மையில் உரியவர்தாமா என்று அறிய வேண்டுமாயின், அவருக்கு விற்றவர் யார், அவருக்கு முன் இருந்தவர் யார் என்று முதல் பத்திரம் வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். பத்திரங்கள் சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. ஒரு கண்ணி கரையானுக்கு இரையானால் சங்கிலியே அறுந்துபோகும்.

எழுதியதும் மறைந்த கதை

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் பினாங்கிலேயே சான்று உண்டு. 1801இல் பள்ளிவாசலுக்கு வழங்கப்பெற்ற 18 ஏக்கர் நிலம் ஜார்ஜ் டவுன் நகரின் நடுவே அமைந்தது. நகரம் வளர வளர அந்நிலத்தின் மதிப்பும் வளர்ந்தது. காலப்போக்கில் அதன் பகுதிகள் வாடகைக்கும் குத்தகைக்கும் சென்றன. அறத்திற்கென விட்ட சொத்துகள் முறையாகப் பேணப்படவில்லை என்ற குறை நூறாண்டு முடிவில் ஓங்கி ஒலித்தது. இதன் விளைவாக 1905ஆம் ஆண்டில் முகமதியர், இந்துக்கள் ஆகியோரின் அறநிலையங்களுக்கான சட்டம் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் இயற்றப்பெற்றது. அறச் சொத்துகளை மேற்பார்வையிட வாரியமும் அமைந்தது. இன்று செயற்படும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர்கள் அக்காலத்தைச் சார்ந்தவை.

இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் தெளிவானது. ஏடு இருப்பது முதற்படியாகும். ஏட்டை எடுத்துப் படிப்பவரும், அதன்படி கேள்வி கேட்பவரும் இருப்பது இரண்டாம் படியாகும். எவரும் திறந்து பாராத ஏடு, இல்லாத ஏட்டுக்கு ஒப்பாகும்.

பதிவேடே உரிமை

பத்திரச் சங்கிலியின் தொல்லையிலிருந்து விடுபட 1858ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் ஒரு புதிய முறையைச் சட்டமாக்கினார். கப்பல்களின் உரிமையைப் பதிவு செய்யும் முறையே அவருக்கு வழிகாட்டியது என்பர். அம்முறையில் பழைய பத்திரங்களைத் தேடிக்கொண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியதில்லை. அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரியவர். உரிமைக்குப் பத்திரம் சான்றாக நின்றது பழைய முறை. பதிவேடே உரிமையாக நிற்பது புதிய முறை.

பேராக், சிலாங்கூர் முதலிய மலாய் மாநிலங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இம்முறையைத் தழுவத் தொடங்கின. பினாங்கும் மலாக்காவும் பழைய பத்திர முறையிலேயே நெடுங்காலம் நின்றன. பினாங்கு, மலாக்கா நில உரிமைகளுக்கென 1963ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1966 ஜனவரி 1ஆம் நாள் தேசிய நிலச் சட்டத்துடன் அதுவும் நடைமுறைக்கு வந்தது. நூற்றெழுபது ஆண்டுப் பத்திரங்களை ஆராய்ந்து, உரியவர் யாரெனத் துணிந்து, இடைக்காலப் பதிவேடு ஒன்றில் ஏற்றிப் பின்னர் நிலையான பட்டாவாக மாற்றும் பெரும்பணி அதன்பின் மேற்கொள்ளப்பெற்றது.

தேசிய நிலச் சட்டத்தின்படி ஒரு நிலத்திற்கு இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கும் பதிவு ஆவணம். மற்றொன்று நில உரிமையாளரிடம் வழங்கப்படும் ஆவணம். நாம் கிராண்ட் என்று அழைப்பது இந்த இரண்டாவதையேயாகும். நிலத்தின் எண், பரப்பளவு, உரியவர் பெயர், எந்தப் பயனுக்கு உரியது என்ற நிபந்தனை, அடைமானம், குத்தகை, கேவியட் எனப்படும் தடைக் குறிப்பு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறும். வீட்டுப் பெட்டியிலுள்ள கிராண்ட் தீயில் எரிந்தாலும் உரிமை எரிந்துவிடுவதில்லை. சட்ட முறைப்படி விண்ணப்பித்து மாற்று ஆவணம் பெற வழியுண்டு. அவ்வழியைத் திறந்து வைத்திருப்பது அலுவலகத்திலுள்ள பதிவாகும். அலுவலகப் பதிவே அழிந்துவிட்டால் நிலைமை என்னவாகும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

தாளுக்குப் பகை பல

பினாங்கின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 80 விழுக்காடு நிற்கின்றது. ஈரப்பதம் 65 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் தாளில் பூஞ்சை படரத் தொடங்கும். கரையான், கரப்பான், வெள்ளிப்பூச்சி ஆகியவை பசையையும் தாளையும் தின்னும். வெளியிலிருந்து வரும் பகைகள் இவை.

தாளுக்குள்ளேயே குடியிருக்கும் பகை ஒன்றும் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டு எழுத்தர்கள் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்த மையால் எழுதினர். எழுதியபோது கருமையாகவும் உறுதியாகவும் விளங்கிய அம்மை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாக மாறித் தாளை அரிக்கும். சில ஏடுகளில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகி, எழுத்தில்லாத இடம் மட்டுமே எஞ்சி நிற்பதுண்டு.

நீரும் நெருப்பும் ஒரே நாளில் அழிவை விளைவிப்பவை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை நாம் எவரும் மறக்க இயலாது. பினாங்கின் கரையோரத்திலும் உயிர்கள் பறிபோயின. கடலுக்கு அப்பால் சுமத்திராவின் அச்சே மாநிலத்தில் ஏற்பட்ட அழிவோ சொல்லுந்தரமன்று. பண்டா அச்சே நில அலுவலகத்தின் பதிவேடுகள் உப்பு நீரிலும் சேற்றிலும் ஊறிக் கிடந்தன. எல்லைக் கற்களையும் வேலிகளையும் அலை துடைத்துச் சென்றுவிட்டது. தப்பிப் பிழைத்தவர் தம் மனை எங்கே இருந்தது என்று காட்டுவதற்கு அடையாளமே இல்லை. அந்நிலையில் அரும்பாடுபட்டு அப்பதிவேடுகளை மீட்டனர். பூஞ்சை பரவாமல் இருக்க அவற்றை உறைய வைத்து, ஜகார்த்தாவிற்கு அனுப்பி, ஜப்பானிய வல்லுநர்களின் துணையுடன் உலர்த்திச் செப்பனிட்டனர். உணவுக்கும் உறைவிடத்துக்கும் மக்கள் தவித்த நேரத்தில் நனைந்த ஏட்டிற்கு இத்தனை பாடா என்று கேட்கத் தோன்றலாம். அனைத்தையும் இழந்த ஏழைக்கு, "இது உன் நிலம்" என்று சொல்ல அந்த ஏட்டைத் தவிர வேறு எது இருந்தது?

ஓலையிலிருந்து செம்பிற்கு

ஏட்டைக் காக்க அதிலுள்ளதை வேறொரு பொருளுக்கு மாற்றி எழுதுவது புதிய சிந்தனையன்று. தமிழர் இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்துள்ளனர். அச்செய்தி நம் மலேசிய மண்ணோடும் தொடர்புடையது.

கெடா என்று நாம் இன்று அழைக்கும் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னர் மரபினர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் ஒன்றை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை முதலாம் இராசராச சோழன் வழங்கினான். பெண் யானை ஒன்றை எல்லை வழியே நடத்திக் காட்டி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்தனர். மன்னனின் ஆணை முதலில் ஓலையில் எழுதப்பெற்றது. தந்தை விட்டுச் சென்ற அறம் என்றும் நிலைபெற வேண்டுமென்று கருதிய மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். 21 ஏடுகள் கொண்ட அத்தொகுதி பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றது. விகாரம் இன்று இல்லை. ஓலையும் இல்லை. செம்பில் ஏறிய எழுத்து மட்டும் நின்று பேசுகின்றது.

ஓலையிலிருந்து செம்பிற்கு மாற்றிய நோக்கமும், தாளிலிருந்து கணினிக்கு மாற்றும் நோக்கமும் ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. செம்பு ஆயிரம் ஆண்டு காத்துக் கிடக்கும். கணினிக் கோப்போ ஆண்டுதோறும் கவனிப்பை வேண்டி நிற்கும்.

கணினி வந்தபின்

நம் நாட்டில் நிலப் பதிவைக் கணினி வழியாகச் செய்வதற்கு 1992ஆம் ஆண்டில் தேசிய நிலச் சட்டம் திருத்தப்பெற்றது. 1995ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கிய இம்முறை படிப்படியாகப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. அதனையடுத்து, நில நிருவாகம் முழுவதையும் மின்னியல் முறையில் இணைக்கும் இ-தானா என்னும் திட்டம் உருவாயிற்று. அதற்கு முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றது பினாங்கு மாநிலமேயாகும். நாட்டிலேயே மிகப் பழைய பத்திரச் சிக்கல்களைக் கொண்டிருந்த மாநிலங்களில் ஒன்று புதிய முறைக்கு வழிகாட்டியாக நின்றது நினைவு கூரத்தக்கது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. கர்நாடக மாநிலத்தின் பூமி என்னும் திட்டம் ஏறத்தாழ 67 இலட்சம் விவசாயிகளின் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியது. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா ஆகியவற்றை மக்கள் இணையத்தின் வழியே பார்வையிட முடிகின்றது. முன்பு கிராம அலுவலரின் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த எளியவர் இன்று தாமே தம் நிலத்தின் நிலையை அறிகின்றார்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நடப்பிலுள்ள உரிமைகளைக் கணினியில் பதிவு செய்வது ஒரு பணி. காலங்கடந்த பழைய ஏடுகளைப் படமெடுத்து மின்வடிவில் காப்பது மற்றொரு பணி. முன்னது இன்று நிலம் யாருடையது என்று சொல்லும். பின்னது அது எவ்வாறு அவரிடம் வந்தது என்று சொல்லும். வழக்கோ ஐயமோ எழும் நாளில் பின்னதன் துணையின்றி முன்னது தனித்து நின்று விடை கூறுதல் அரிது.

பழைய ஏட்டை மின்வடிவாக்குவது படப்பெட்டியின் விசையை அழுத்துவதோடு முடிவதன்று. முதலில் என்னென்ன ஏடுகள் உள்ளன என்று பட்டியல் எடுக்க வேண்டும். மென்மையான தூரிகையால் தூசு நீக்கி, மடிப்புகளை மெல்ல விரித்து, கிழிசல்களைச் செப்பனிட வேண்டும். பின்னர் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகளுக்குக் குறையாத தெளிவுடன், எழுதாத பின்பக்கத்தையும் விடாமல், படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் மூல ஏட்டுடன் ஒப்பு நோக்க வேண்டும். அதன் பிறகே பெயர், எண், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு அட்டவணை தயாரிக்க வேண்டும். படங்களின் பிரதிகளைக் குறைந்தது மூன்றேனும் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறோர் ஊரில் காக்க வேண்டும்.

பிரதி வேறிடத்தில் இருப்பதன் பயனைப் பினாங்கின் வரலாறே காட்டுகின்றது. கும்பினிக் காலத்துப் பினாங்கு நிருவாகம் தன் நடவடிக்கைகளைப் பிரதியெடுத்து லண்டனுக்கு அனுப்பி வந்தது. பின்னர் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் தலைமை சிங்கப்பூருக்கு மாறியது. அதனால் இன்று பினாங்கின் தொடக்க கால வரலாற்றை எழுதுவோர் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தையும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தையும் நாடுகின்றனர். நம் நாட்டிலோ 1957ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய ஆவணக் காப்பகம் இப்பணியை ஏற்று நடத்துகின்றது. 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, எந்த அரசாங்க அலுவலகமும் காப்பகத்தின் அனுமதியின்றிப் பொது ஆவணங்களை அழித்தல் கூடாது. இடப் பற்றாக்குறை, பழைய குப்பை என்று கூறி ஏடுகளை எரிப்பதற்கு எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை என்பதே இதன் பொருள்.

படமெடுத்தபின் மூல ஏடு எதற்கு என்று சிலர் கேட்பர். படத்தில் மையின் அழுத்தம் தெரியாது. பிற்காலத்தில் திருத்திய எழுத்தும் முதலில் எழுதிய எழுத்தும் ஒன்றுபோல் தோன்றலாம். தாளின் நீரோட்டக் குறியையும் முத்திரையின் அழுத்தத்தையும் மூலத்தில்தான் சோதிக்க முடியும். ஆகவே பிரதி பயன்பாட்டிற்கும், மூலம் பாதுகாப்பிற்கும் உரியவை. ஒன்று வந்ததனால் மற்றொன்று வேண்டாமென்று துணிதல் தவறாகும்.

முத்துசாமி எங்கே?

மின்வடிவாக்கத்தில் தமிழர்களாகிய நாம் தனிக் கவனம் செலுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பெயர் அட்டவணையாகும்.

பழைய பதிவேடுகளை எழுதியோர் பெரும்பாலும் தமிழ் அறியாதவர். காதில் விழுந்தவாறு ரோமன் எழுத்தில் எழுதினர். முத்துசாமி ஓர் ஏட்டில் முட்டுசாமி ஆனார். மற்றோர் ஏட்டில் மூட்டூசாமி ஆனார். செட்டி சிட்டியாகவும், காதர் கவுடராகவும் உருமாறினர். தந்தையின் பெயர் முன்னே ஒரு முறையும் பின்னே ஒரு முறையும் வந்தது. மனிதர் படித்தால் ஊகித்துக்கொள்வார். கணினியோ கொடுத்த எழுத்தை மட்டுமே தேடும். ஓர் எழுத்து மாறினால் "அப்படி ஒருவர் இல்லை" என்று கூசாமல் சொல்லிவிடும். நூறாண்டுகளாக ஏட்டில் பத்திரமாக இருந்த ஒரு தாத்தா, கணினியில் ஏறிய நாளில் காணாமற்போவது கொடுமையன்றோ?

இதற்கு வழி உண்டு. ஏட்டில் உள்ள எழுத்தை உள்ளவாறே பதிவதுடன், வழக்கமான எழுத்து வடிவத்தையும் அருகிலேயே சேர்த்து இரண்டையும் இணைத்தல் வேண்டும். தெருப் பெயர்களுக்கும் இதுவே முறை. சூலியா ஸ்திரீட் முன்னர் மலபார் ஸ்திரீட் என வழங்கியது. பிட் ஸ்திரீட் இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையாகத் திகழ்கின்றது. பழைய பெயரையும் புதிய பெயரையும் அறிந்த தமிழ் இளைஞர்கள் இப்பணிக்கு முன்வருதல் இன்றியமையாததாகும். ஆவணக் காப்பியலும் வரலாறும் பயின்ற நம் பிள்ளைகளுக்கு அங்கே செய்யத்தக்க பணி காத்திருக்கின்றது.

தோட்டத்து மக்களும் ஏடும்

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே நம் முன்னோர் சஞ்சிக் கூலிகளாக வந்தனர். பின்னர் கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று பத்து காவான் போன்ற இடங்களில் செம்பனையும் போய்த் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புகளும் எழுந்துவிட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிலத்தின் பெயரும் எண்ணும் உரியவரும் மாறினர். லயத்து வீட்டில் வாழ்ந்தவர் மட்டும் மாறவில்லை. அவர்தம் பெயர் எந்த நிலப் பதிவேட்டிலும் ஏறவும் இல்லை.

தோட்ட நிருவாகி வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் கோயில் கட்டினோம். "துரை கொடுத்தது" என்பதே நமக்குப் போதுமான பட்டாவாக இருந்தது. துரை போனார். தோட்டம் விற்கப்பட்டது. புதிய உரிமையாளர் கையில் இருந்த கிராண்டில் கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்வாறு நேர்ந்த தோட்டங்கள் ஒன்றிரண்டல்ல.

2009ஆம் ஆண்டு பினாங்குத் தீவின் புவா பாலா கம்பத்தில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாடு வளர்த்துப் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடும்பங்கள். பழைய தோட்ட உரிமையாளரான பிரவுன் குடும்பத்தார் தம் முன்னோரின் நலனுக்காக விட்டுச் சென்ற அறக்கட்டளை நிலம் அது என்பது அவர்தம் வாதம். நிலமோ ஒரு கூட்டுறவுக் கழகத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் குடியிருப்பாளர்க்குச் சாதகமாக முடியவில்லை. அவ்வாண்டே வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்வழக்கின் நியாயங்களை ஆராய்வது நம் நோக்கமன்று. நினைவில் வாழும் வாக்குறுதிக்கும் பதிவேட்டில் வாழும் உரிமைக்கும் இடையே எத்தனை பெரிய இடைவெளி உள்ளது என்பதை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டியது. பழைய ஏடுகள் எல்லார்க்கும் எளிதில் கிட்டுமானால், வீட்டு வாசலில் இயந்திரம் வந்து நிற்பதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் தம் நிலையை அறிந்துகொள்ள இயலும்.

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, நம் கோயில், பள்ளி, இடுகாடு ஆகியவை நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை அறிதல் வேண்டும். நிலத்தின் எண்ணைக் கொண்டு உரிய கட்டணம் செலுத்தி நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கச் சட்டம் இடம் தருகின்றது. வழக்கறிஞராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவர் தாமே அறிந்துகொள்வதற்கான தேடலும் உண்டு. சான்றுடன் கூடிய அதிகாரப்பூர்வத் தேடலும் உண்டு. கோயில் நிருவாகத்தார் இதனை ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்து, அதன் முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தல் நன்று. உரிமை மாறியிருந்தால் அன்றே பேச்சு வார்த்தையைத் தொடங்கலாம்.

இரண்டாவதாக, இறந்துபோன தந்தையின் அல்லது பாட்டனாரின் பெயரிலேயே நிலத்தை விட்டு வைத்தல் கூடாது. ஒருவர் மறைந்தபின் ஆண்டுகள் கடக்கக் கடக்க வாரிசுகள் பெருகுவர். சான்றுகளோ அருகும். நில அலுவலகத்தின் வழி வாரிசுரிமையைப் பதிவு செய்தல் பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவியாகும்.

மூன்றாவதாக, வீட்டிலுள்ள பழைய தாள்களைப் பேணும் முறையை அறிதல் வேண்டும். தோட்டங்களுக்குச் செல்லும்போது பழைய பத்திரங்களை நெகிழித் தாளில் சூடாக்கி ஒட்டி வைத்திருப்பதை நாம் அடிக்கடி காண்கின்றோம். அவ்வாறு ஒட்டியதைப் பின்னர் பிரிக்க இயலாது. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தை மறைக்கும். தாளைச் சாமி அறையில் விளக்குப் புகை படும் இடத்திலும், சுவரோரத்து ஈரத்திலும் வைத்தல் ஆகாது. மடிக்காமல் தூய வெள்ளைத் தாளுறையில் இட்டு, உலர்ந்த தகரப் பெட்டியில் தரையினின்று உயர்த்தி வைத்தால் போதும். கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்து, வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைத்தால் நன்று.

நான்காவதாக, எழுதப்படாதவற்றை இப்போதேனும் எழுதுதல் வேண்டும். கோயில் எந்த ஆண்டு கட்டப்பெற்றது, இடம் கொடுத்தவர் யார், திருப்பணிக்கு உதவியவர் எவர், பழைய இடுகாடு எந்தப் பிரிவில் இருந்தது என்பனவற்றை முதியவர்களைக் கேட்டு எழுதி, நாள் குறிப்பிட்டு, அவர்களிடம் கையொப்பம் வாங்கி வைக்கலாம். இது பட்டாவாகாது என்பது உண்மையே. ஆயினும் பேச்சு வார்த்தை மேசையில் வெறுங்கையுடன் அமர்வதற்கும் ஒரு தாளுடன் அமர்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

1801ஆம் ஆண்டில் குயின் ஸ்திரீட்டில் நிலம் பெற்ற நம் முன்னோர் அதனை எழுத்தில் பெற்றனர். அதனாலேயே நகரம் எத்தனையோ மாற்றங்களைக் கண்டும் கோயில் அதே இடத்தில் நிற்கின்றது. 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகராக யுனெஸ்கோவினால் அறிவிக்கப்பெற்றபோது அக்கோயிலும் அதன் எல்லைக்குள் பெருமையுடன் இடம்பெற்றது. தோட்டத்தில் மரத்தடியில் தொடங்கிய நம் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் அத்தகைய உறுதி வாய்க்க வேண்டும். அரசாங்கம் ஏடுகளைக் காத்துக் கணினியில் ஏற்றித் தருகின்றது. அவற்றைத் திறந்து பார்த்து, நம் பெயர் அங்கே உள்ளதா என்று கேட்கும் கடமை நம்முடையது. இத்திங்களில் ஒரு நாளை ஒதுக்கி, உங்கள் கோயில் நிலத்தின் எண்ணைக் கண்டறிந்து நில அலுவலகத்தின் படியேறுங்கள்.